துடைத்த நம்பர்
வெட்டிய துணிக்கட்டில் ஒட்டும் நம்பர் ஸ்டிக்கர் ஒன்று உதிர்ந்தால்கூடக் கட்டிங் ஹாலே அதிரும்படி கத்துகிறவன் நான். சைஸும் ஷேடும் கலந்துவிட்டால், கை ஒரு நிறமும் உடம்பு ஒரு நிறமுமாகச் சட்டை தைத்து வந்துவிடும் என்று பையன்களுக்குப் பாடமே எடுப்பேன். வீட்டு மரம் என்று வந்தபோதுதான் அந்தப் பாடம் எனக்கே மறந்துபோனது.

காங்கயம் பக்கம் எங்கள் அப்பாரு கட்டியது தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த தொட்டி. சுற்றிலும் மரத்தூண், தூண் தலையில் போதிக்கட்டை, அதன்மேல் உத்திரம், உத்திரத்தில் சாயும் கைமரம், பிறகு ஓடு. செல் ஏறாமலிருக்கத் தூணடியில் கருங்கல். இந்தப் பெயரெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, மொத்தமும் 'கட்டை'தான். கல்லூரிக் காலத்தில் அந்தத் தூண்களுக்குச் சாக்லேட் நிற எனாமல் அடித்த பெருமையும் எனக்கே உரியது. அப்பத்தா சுற்றிவந்து பார்த்துவிட்டு, "கிளப்புக்கடையாட்ட இருக்குது சாமி" என்றது. பாராட்டு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஆர்டர் விஷயமாக இங்கிலாந்து போனபோது, சஃபோக்கில் லேவன்ஹாம் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார்கள். நீலக் கம்பளித் துணி விற்றுக் கொழித்த ஊர். 1530 வாக்கில் எழுப்பிய கில்டு ஹால் இன்னும் நிற்கிறது. பச்சை ஓக் மரத்தைக் காயவிடாமல் பூட்டிவிடுவார்களாம். நின்ற இடத்திலேயே காய்ந்து முறுக்கியதில் வீடெல்லாம் கோணல்மாணல். துணி வியாபாரம் படுத்துப்போய், இடித்துக் கட்டக் காசில்லாததால் தப்பித்த வீடுகள். (திருப்பூரில் காசுக்குப் பஞ்சமில்லை. பழைய வீடுகளைப் பற்றிக் கேட்காதீர்கள்.) மரத்தில் உளியால் வெட்டிய கோடுகளைக் காட்டினார்கள். பசங்க கிறுக்கல் என்று நினைத்தேன். தச்சர்கள் கீழேயே சட்டத்தைச் சேர்த்துப் பார்த்து, எது எதோடு சேரும் என்று இரண்டு பக்கமும் ஒரே அடையாளம் வெட்டி, பிரித்து எடுத்துப்போய் நிறுத்துவார்களாம். ரோமன் எண் மாதிரி நேர்க்கோடுகள். உளிக்கு அதுதான் சுலபம். போட்டோ எடுத்தேன், தலையாட்டினேன். "உங்கள் ஊரில் எப்படி?" என்று கேட்டதற்கு, "எல்லாம் பெரிய ஆணிதான்" என்று அடித்தும்விட்டேன்.

எங்கள் தூணில் ஆணியே இல்லை என்று வீட்டைப் பிரிக்கும்போதுதான் தெரிந்தது. பங்கு பிரித்ததில் மரமெல்லாம் எனக்கு வந்தது. முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்களே, நாமும் திருப்பூர் வீட்டு முன்னால் தூண் வைத்த கூடமாக ஓர் ஆசாரம் நிறுத்துவோம் என்று ஆசை. ஆசாரி ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம்பர் போட்டு லாரி ஏற்றிவிட்டார். நான் பழைய எனாமல் பாவத்தைக் கழுவ, தின்னர் ஊற்றிச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்துப் பளபளவென்று அடுக்கிவைத்தேன்.

"ஏனுங்க, நம்பரெல்லாம் எங்கீங்க?"

"அழுக்குனு தொடச்சுட்டனுங்க."

ஆசாரி டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. தூண்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு கழுந்தும் அதனதன் துளைக்கென்று செதுக்கியது; கல் உயரத்துக்குத் தகுந்தாற்போல் தூணும் விரற்கடை கூடும், குறையும். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பொருத்தி, இறக்கி, மறுபடி தூக்கி... டேப் பிடிக்கும் வேலை எனக்கு. சென்டிமீட்டர் பக்கத்தைப் பார்த்து இன்ச் சொன்னதில் அந்த வேலையும் போயிற்று.

கடைசித் தூண் நின்றபோது தரையில் ஒரு மர ஆப்பு மிச்சம் கிடந்தது. இது எங்கே போகவேண்டியது என்று கேட்டேன்.

"ஓடு போட்டாத் தெரியுமுங்க" என்றார்.