தெல்லிப்பழைக்கு ஓர் எக்ஸ்எம்எல்

தரவைத் திறந்து மூடும் குறிகளுக்குள் வைக்கும் எக்ஸ்எம்எல் 1998 பெப்ரவரியில் பிறந்ததாக டபிள்யூ3சி சொல்கிறது. எங்கட ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். 1816 ஒக்டோபரில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டானியல் புவர் ஐயர் தெல்லிப்பழையில் வந்து குந்தியபோதே அந்த வேலை தொடங்கிவிட்டது.

அதற்கும் முன்னால் வேலி இருந்தது. திறந்த படலையைச் சாத்தவேணும். ஒருவன் வளவு இன்னொருவன் வளவுக்குள் முழுதாக அடங்கலாம், பாதி உள்ளே பாதி வெளியே நிற்கக்கூடாது. எக்ஸ்எம்எல்லின் சட்டமும் இவ்வளவுதான். மீறினால் பார்சர் பிழை சொல்லி நிறுத்தும். இங்கே கதியாலைப் பிடுங்கிக்கொண்டு வழக்குக்குப் போவார்கள்.

1820இல் மிஷன் ஓர் அச்சுக்காரரை இறக்குமதி செய்தது. பெயர் ஜேம்ஸ் கரற். பதில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அவரை நாட்டில் இருக்கவிடவில்லை. மனிதர் பம்பாய்க்குப் போனார். லைப்ரரியை இம்போர்ட் செய்யும்போது எரர் வருவது எங்களுக்குப் புதிதல்ல.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மிஷன் விடுதியில் பொடியன்களுக்குச் சோறும் படிப்பும் இலவசம். செலவு அமெரிக்காவில் யாரோ ஒரு புண்ணியவானுடையது. பணம் அனுப்பியவர் பொடியனுக்கு வைக்கவேண்டிய பெயரையும் அனுப்பலாம். 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். இரண்டு பேரும் அசல் தமிழர். பைதனின் எலிமென்ட்ட்ரீ லைப்ரரியில் ஓர் எலிமென்டை உருவாக்கி, 'பெயர்' என்ற ஆட்ரிபியூட்டை இரண்டாம் தடவை வைத்துப்பாருங்கள். பழையது சத்தமில்லாமல் போய்விடும். எச்சரிக்கைகூட வராது.

இந்தப் பழங்கதை எல்லாம் ஏன் என்றால், நான் யாழ்ப்பாணத்துப் பழைய புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் செய்யப் புறப்பட்டேன். தொடக்கத்தில் எழுத்துச் சரங்களை ஒட்டி ஒட்டித்தான் எக்ஸ்எம்எல் கட்டினேன். காசிச்செட்டியின் 'தமிழ் புளூட்டாக்' வரையில் எல்லாம் சுகம். 1859இல் அதை அச்சிட்டவர்கள் 'ரிப்ளி & ஸ்ட்ரோங்'. அந்த & ஐக் கண்டதும் பார்சருக்குச் சன்னதம் வந்துவிட்டது. எக்ஸ்எம்எல்லில் அது தனியாக நிற்கக்கூடாத எழுத்து. எலிமென்ட்ட்ரீ லைப்ரரியிடம் கொடுத்திருந்தால் அதுவே & என்று மாற்றி எழுதியிருக்கும். ஒட்டுவேலையை அன்றோடு விட்டேன்.

எலிமென்ட்ட்ரீக்கும் சில கெட்ட குணங்கள் உண்டு. ஓர் எலிமென்டைக் காட்டி 'இது உண்டா' என்று இஃப் போட்டால், பிள்ளை இல்லாவிட்டால் 'பொய்' என்றுவிடும். உள்ளே எழுத்தும் பெயரும் நிறைந்திருந்தாலும் பலனில்லை. கலியாணவீட்டு முன்வரிசைப் பெரியம்மாமார் காலாகாலமாகச் சொல்லும் தீர்ப்பு இது. பைதன் 3.12 வெட்கப்பட்டு, அப்படிக் கேட்காதே என்று எச்சரிக்கத் தொடங்கியது. பெரியம்மாமாருக்குப் புதுப் பதிப்பு இன்னும் வரவில்லை.

கடைசியில் பட்டியலை எழுத்தாக்கித் திறந்து பார்த்தேன். தெல்லிப்பழையைக் காணவில்லை. இருந்த இடத்தில் தெ என்று ஓர் எண் ஊர்வலம். சொல்லாவிட்டால் எலிமென்ட்ட்ரீ ஆஸ்கியில்தான் எழுதும். அதில் தமிழுக்கு இடமில்லை, 'த'வுக்கு 2980 என்று இலக்கம் கொடுத்துவிடும். மிஷனாவது ஹென்றி என்று மனுசப் பெயர் வைத்தது.

ஆகவே, பைதனில் எக்ஸ்எம்எல் கட்டப்போகும் பிள்ளைகளே, டூஸ்ட்ரிங்கை அழைக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று மறக்காமல் எழுதிவிடுங்கள். ஊரின் பெயரில் 'ழை'யா 'ளை'யா என்ற சண்டையை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை.