மூட்டு கொஞ்சம் லூஸு!

நாற்பதைத் தாண்டிய பிறகும் தனக்கென்று பொம்மை வாங்குகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. வாங்கி, ஆசை தீரத் திருகிப் பார்த்து, பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறவர்கள் முதல் ரகம். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வாங்கியதை மதிப்பீடு செய்கிறவர்கள் இரண்டாம் ரகம். சென்னையில் இப்போது அடுக்குமாடிக்கு ஒருவராவது தேறுவார். நம்முடைய ஆளைப் பரிசோதகர் என்று வைத்துக்கொள்வோம்.

பார்சல் வந்ததும் பரிசோதகர் முதலில் மதிப்பெண் போடுவது பெட்டிக்கு. மூலை நசுங்கியிருந்தால் பத்துக்கு அரை போச்சு. '8 வயதுக்கு மேல்' என்று அச்சடித்திருப்பதைப் படித்து, "நம்மளைத்தான் சொல்றான்" என்று தலையை ஆட்டிக்கொள்வார். அவர் வாங்குவதெல்லாம் இறக்குமதி. அந்த ரகப் பொம்மைகளுக்கான சுங்க வரியை மத்திய அரசு 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது. 2023-ல் 70 ஆக்கியது. உள்நாட்டுத் தொழில் வளர வேண்டும் என்பது நோக்கம். பரிசோதகர் வாங்குவதைக் குறைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சொல்லும் விலையைக் குறைத்துக்கொண்டார்.

பொம்மை என்றால் அவருக்கு ரோபோதான். அதிலும் எல்லா ரோபோவும் ஆகிவிடாது. கட்டுமான வண்டியாக மாறுகிற ரோபோவாக இருக்க வேண்டும். ஏன் என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் வரலாறு தொடங்கும். ஜப்பானின் டகாரா கம்பெனி செய்துகொண்டிருந்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்புரோ எடுத்து, 1984-ல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று பெயர் சூட்டிக் கடைக்குக் கொண்டுவந்தது. மறுவருடம் கன்ஸ்ட்ரக்டிகான்ஸ் என்ற ஆறு பேர் வந்தார்கள். ஆறும் தனித்தனி வண்டி, தனித்தனி ரோபோ. ஒன்றாகச் சேர்ந்தால் டெவஸ்டேட்டர் என்ற ஒரே ராட்சசன். பொக்லைன் வலது கை, புல்டோசர் இடது கை, லோடர் வலது கால், மிக்சர் லாரி இடது கால், டிப்பர் இடுப்பு, கிரேன் மார்பும் தலையும். மூச்சுவிடாமல் சொல்வார். வீட்டு கேஸ் இணைப்பு எண்ணைக் கேட்டால் மனைவியைக் கூப்பிடுவார்.

நிறம் பச்சையாக இருக்க வேண்டும், ஓரங்களில் ஊதா. 1993-ல் இந்த ஆறு பேரையும் மஞ்சளில் விட்டார்கள். நியாயமாகப் பார்த்தால் மஞ்சள்தான் சரி. எந்த ஊரில் பச்சை புல்டோசர் ரோடு போடுகிறது? அந்தப் பேச்சையே அவர் காதில் வாங்கமாட்டார். மஞ்சள் வேண்டுமென்றால் வேளச்சேரி பக்கம் போய் நின்று ஜே.சி.பி. பார்த்துக்கொள்ளட்டும் என்பார்.

இந்த முறை வந்திருப்பது பொக்லைன். பெயர் ஸ்காவெஞ்சர். அந்தக் காலத்து அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ரோபோவுக்கும் ஒரு ஜாதகமே இருக்கும்: பலம், அறிவு, வேகம், துணிச்சல் எல்லாவற்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், அதுவும் சிவப்புத் தகடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும்படி. ஸ்காவெஞ்சரின் குணமும் அங்கேதான் எழுதப்பட்டது. மண்ணைத் தோண்டி உருப்படியாக ஏதாவது எடுத்து, கூட்டாளிகளிடம் நல்ல பேர் வாங்கத் துடிக்கிற பாவப்பட்ட ஜன்மம் அது. "அப்ரைசல் நேரத்துல நாம எல்லாரும் ஸ்காவெஞ்சர்தான் சார்" என்பார். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்த வாக்கியம் அது ஒன்றுதான்.

மதிப்பீடு சாப்பாட்டு மேஜையில் நடக்கும். மேஜை விளக்கு, பூதக்கண்ணாடி, சின்ன ஸ்க்ரூ டிரைவர். முதலில் வண்டி. பூம் என்கிற தூக்கும் கை மடங்குகிறதா, பக்கெட் திரும்புகிறதா, கேபின் சுற்றுகிறதா என்று பார்ப்பார். செயின் பட்டை சும்மா வார்த்த பிளாஸ்டிக், அடியில் ஒளித்து வைத்த குட்டிச் சக்கரங்களால்தான் நகர்கிறது என்பதைக் குப்புறப் போட்டுக் கண்டுபிடித்து உச்சுக்கொட்டுவார். கேபினுக்கும் உடலுக்கும் நடுவில் நகக்கண் அளவு இடைவெளி தெரிந்தால் போதும், அன்றைக்குத் தூக்கம் இல்லை. அவர் வீட்டுக் குளியலறைக் கதவு தாழ்ப்பாள் விழாமல், வாளியை முட்டுக்கொடுத்துத்தான் சாத்தப்படுகிறது. அது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பிறகு ரோபோவாக்கும் படலம். படிப்படியாக விளக்கும் தாளை அவர் தொடமாட்டார், அது தெரியாதவர்களுக்கு. பாதி வழியில் கால் எங்கேயோ சிக்கி, பொக்லைனும் இல்லாமல் ரோபோவும் இல்லாமல் ஒன்று கையில் நிற்கும். அப்போது குப்பைக்கூடையிலிருந்து தாளை எடுத்து, யாரும் பார்க்காதபோது நீவிப் படிப்பார். ரோபோ முழுசாக நின்றதும் தீர்ப்பு வரும். "பூம் முதுகுல மூட்டையாத் தொங்குது. முழங்கை உள்ளே குழியா இருக்கு. இடுப்பு திரும்பாது. தோள் ராட்செட் அருமை." தோளை மேலும் கீழும் தூக்குவார், டக் டக் என்று கேட்கும். கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனியும்போது அவர் முழங்காலிலிருந்தும் அதே சத்தம்தான் வரும். லூசான மூட்டுக்கு மனைவியின் நகப்பூச்சு மருந்து, நிறமில்லாதது. அந்த அம்மாள் இப்போதெல்லாம் சிவப்பு மட்டுமே வாங்குகிறார்.

ஒருநாள் மாமனார் வந்திருந்தார். பொதுப்பணித்துறையில் ஓய்வுபெற்ற எஞ்சினியர். ஏரி தூர்வாரும் இடங்களில் பொக்லைன் பக்கத்திலேயே குடைபிடித்து நின்று அளவு எடுத்தவர்.

"மாப்பிள்ளே, இது எத்தனை கன மீட்டர் அள்ளும்?"

"மாமா, இது கலெக்டர்ஸ் ஐட்டம்."

"அது இருக்கட்டும். பூமுக்கு ரெண்டு பக்கமும் ஹைட்ராலிக் சிலிண்டர் வரைஞ்சு வச்சிருக்கானே, அசையவே காணோமே? எப்படி லிஃப்ட் ஆகும்?"

"இது ரோபோவா மாறும் மாமா."

"அதைத்தான் கேக்குறேன். மண்ணை அள்ளிட்டு மாறுமா, அள்ளாமலே மாறுமா? கான்ட்ராக்டர் பில் போடணுமே."

பரிசோதகர் பதில் சொல்லவில்லை. மாமனார் பொம்மையை வாங்கி, பின்பக்கம் எடை போதாது, பக்கெட்டை நீட்டினால் முன்னால் கவிழும் என்றார். நீட்டினார்கள். கவிழ்ந்தது. பரிசோதகர் அறிந்து வைத்திருந்த எந்த மதிப்பீட்டிலும் இந்தக் குறை சொல்லப்பட்டதில்லை. அன்று இரவு மதிப்பெண்ணில் ஒன்றைக் குறைத்து, காரணம் என்ற இடத்தில் 'ஈர்ப்பு மையம்' என்று எழுதிக்கொண்டார்.

இதெல்லாம் அவரோடு போய்விடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். போகாது. அவர் மகள் மூன்றாம் வகுப்பு. கோயில் திருவிழாவில் ஆசையாக ஒரு மஞ்சள் ஜே.சி.பி. வாங்கிக் கொடுத்தேன். நன்றி சொல்வாள் என்று பார்த்தால், பக்கெட்டை நாலு தடவை ஆட்டிவிட்டு, "அங்கிள், பெயின்ட் வழிஞ்சிருக்கு. மூட்டும் கொஞ்சம் லூஸு" என்றாள். அவள் அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமையை அவள் ரேங்க் கார்டு வந்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

இப்போது தெருவில் நிஜ பொக்லைன் குழி தோண்டினாலும் அவருக்குக் குறைதான். "உடம்புக்கு பூம் பெருசு. ப்ரொபோர்ஷன் சரியில்லை" என்கிறார். ஓட்டுநர் இறங்கி வந்து அவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஏறிக்கொள்கிறார்.

உங்கள் அடுக்குமாடியிலும் இவர் இருப்பார். காபிக்குக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். நல்ல மனிதர், காபியும் நன்றாக இருக்கும். அலமாரியைக் காட்டும்போது பொம்மை என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். "ராட்செட் எப்படி?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், அரைமணி நேரம் அவரே பார்த்துக்கொள்வார். ஆனால் "நீங்களே மாத்திப் பாருங்களேன்" என்று கையில் நீட்டினால் ஏமாந்துவிடாதீர்கள். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.