எட்டாவது வள்ளல்

டிஸ்க் என்று கேட்டு வந்தவரை எங்கள் ஸ்டோரேஜ் அட்மின் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கேட்காதவருக்கும் கொடுத்துவிடுவார். அதுதான் தொல்லை.

ஸ்டோரேஜ் பெட்டியில் ஐஸ்கஸிக்கு ஒரு லன், அதாவது ஒரு டிஸ்க், போட்டால், இதை எந்த சர்வருக்குக் கொடுப்பது என்று பெட்டியே கேட்கும். ஒவ்வொரு சர்வருக்கும் ஐக்யூஎன் என்று நீளமாக ஒரு பெயர் உண்டு. நடுவில் வருஷம், மாதம், டொமைனைத் தலைகீழாக எழுதியது எல்லாம் வரும். அதைக் காப்பி செய்து ஒட்டினால், டிஸ்க் அந்த சர்வருக்கு மட்டும் தெரியும். நம்மவருக்கு அது கஞ்சத்தனம். ‘எல்லா இனிஷியேட்டரும்’, அதாவது எல்லா சர்வரும், என்ற கட்டத்தில் ஒரு டிக். முடிந்தது.

“எல்லாருக்கும் ஓப்பன் பண்ணி விட்டுட்டேன் தம்பி. நாளைக்கு பர்மிஷன் இல்லைன்னு ஒருத்தரும் வந்து நிக்கக் கூடாது பாரு.”

ஒருத்தரும் வந்து நிற்பதில்லைதான். டிஸ்க்குகள் வந்து நிற்கின்றன. கணக்குப் பிரிவின் விண்டோஸ் சர்வரில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், சிசிடிவி டிஸ்க், எச்ஆர் டிஸ்க், லினக்ஸ் ஆட்களின் டேட்டாபேஸ் டிஸ்க் எல்லாம் வரிசை கட்டி உட்கார்ந்திருக்கும். லினக்ஸ்காரர் பார்ட்டிஷன் போடாமல் நேரே ஃபார்மேட் அடித்து வைத்த டிஸ்க் விண்டோஸ் கண்ணுக்குப் புத்தம்புதிது. “இனிஷியலைஸ் செய்யட்டுமா?” என்று மரியாதையாகக் கேட்கும். ஓகே பட்டன் தயாராக இருக்கும். போன வாரம் வேலைக்குச் சேர்ந்த பையனின் விரலும் தயாராக இருக்கும்.

அது நடந்தாலாவது சீக்கிரம் தெரிந்துவிட வாய்ப்பு உண்டு. ஒரே லன்னை இரண்டு சர்வர்கள் மவுண்ட் செய்தால் அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. கேட்டால், “ஷேர் ஃபோல்டரை நாலு பேர் திறக்கலையா? அதே கதைதான்” என்பார். அதே கதை இல்லை சார். ஷேர் ஃபோல்டரில் யார் எதை எழுதுகிறார்கள் என்று பார்க்க நடுவில் ஒரு ஃபைல் சர்வர் இருக்கிறது. ஐஸ்கஸி கொடுப்பது வெறும் டிஸ்க். அது தனக்கு மட்டுமே சொந்தம் என்று இரண்டு சர்வருமே நம்பும். எந்த பிளாக் காலி என்ற கணக்கை அதனதன் மெமரியில் வைத்துக்கொண்டு எழுதும். என்டிஎஃப்எஸ் ஆனாலும் இஎக்ஸ்டி4 ஆனாலும் இதே லட்சணம்தான். ஒன்று எழுதிய இடத்தின் மேலேயே மற்றொன்று எழுதும், எரர் வராது. மாதக் கடைசியில் இன்வாய்ஸைத் திறந்தால் கட்டம் கட்டமாகக் குப்பை.

பங்கு போட வேண்டுமானால் விஎம்எஃப்எஸ், ஜிஎஃப்எஸ்2, ஓசிஎஃப்எஸ்2 என்று அதற்கென்றே ஃபைல் சிஸ்டங்கள் இருக்கின்றன. “அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு.”

மற்ற கொடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப் பாஸ்வேர்டு கிடையாது. ஆபீஸ் ஒய்ஃபையில் யார் வேண்டுமானாலும் 3260 போர்ட்டைத் தட்டலாம். தின் ப்ரொவிஷனிங் இருக்கும் தைரியத்தில் 10 டெராபைட் பெட்டியிலிருந்து 25 டெராபைட் வாரி வழங்கியிருக்கிறார். லன்களின் பெயர்கள்: டெஸ்ட், டெஸ்ட்2, புதுசு, புதுசு ஒரிஜினல்.

நல்ல மனுஷன், அதில் சந்தேகமே இல்லை. ரெய்டில் ஒரு டிரைவ் போய்விட்டது என்றால் பொங்கலன்று கூட வேட்டியோடு வந்து மாற்றிக் கொடுப்பார். ஆனால் குப்பையான இன்வாய்ஸ்களைத் திரும்ப டைப் அடித்தது அவர் இல்லை. கணக்குப் பிரிவில் இருக்கிற இரண்டு அக்காக்கள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடித்தார்கள், ஓவர்டைம் கூட இல்லாமல். அப்போதும் சார், “ஸ்னாப்ஷாட் இருக்குமே” என்றார். இருந்தது. அதே பெட்டியில், அதே குப்பையோடு.

உங்கள் ஆபீஸிலும் இவர் இருப்பார். அந்த டிக்கை இந்த வாரமே எடுத்துவிட்டு, உரிய சர்வரின் ஐக்யூஎன்னை மட்டும் போடுங்கள். ஆனால் எடுத்த எடுப்பில் அதில் கை வைக்காதீர்கள். முதலில் வேண்டாத சர்வர்களில் அன்மவுண்ட், அடுத்து ஐஸ்கஸி லாகவுட், அதற்குப் பிறகே பர்மிஷன். ஸ்டோரேஜ் பெட்டியிலேயே இல்லாமல் வேறோர் இடத்தில் பேக்கப் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் சொல்வார்.