விழவும் நேரம் பாக்கணும்லா!

ஏலே பேரப்புள்ள, நீ அனுப்புன படத்தை உன் தங்கச்சி போன்ல காட்டினா. நல்லாத்தான் இருக்கு. வெள்ளக்காரக் கெழவி ஒருத்தி இடுப்புல வார் கட்டிக்கிட்டு நிக்கா. நிக்கவ அப்படியே பக்கவாட்டுல சாயுதா. தரையைத் தொடுமுன்ன ரெண்டு பக்கமும் புஸ்ஸுன்னு பை ஊதிக்கிடுது. கெழவி எந்திரிச்சு உக்காந்து சிரிக்கா! விழுந்தவ சிரிச்சு இப்பத்தான்லே பாக்கேன். நம்ம ஊர்ல விழுந்தவன் முழிப்பான், பாத்தவன்தான சிரிப்பான்?

'தாத்தா, உங்களுக்கும் ஆச்சிக்கும் ஆளுக்கு ஒண்ணு வாங்கட்டுமா'ன்னு கேட்டிருக்க. கேட்டதே பெருசு. விலை 600 யூரோவுக்கு மேலயாம், நம்ம காசுல அரை லட்சத்தைத் தாண்டுது. தாத்தா இடுப்புக்கு இம்புட்டு விலை உண்டுன்னு இப்பத்தான் தெரியுது. தெரிஞ்சிருந்தா அந்தக் காலத்துல மூட்டை தூக்கையில கொஞ்சம் பாத்துத் தூக்கியிருப்பேன்.

சாமானை நான் நொட்டை சொல்லமாட்டேன். உன் தங்கச்சியை உக்கார வச்சு எல்லாத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். போனைச் சாய்ச்சுப் பிடிச்சா படமும் கூடச் சாயுதுல்லா, அந்தச் சில்லுதான் இந்த வாருக்குள்ளயும் இருக்காம். ஆளு நடக்கானா, குனியுதானா, உக்காருதானா, இல்ல நெசமாவே விழுதானான்னு ஒவ்வொரு நொடியும் விடாம வேவு பாத்துக்கிட்டே இருக்குமாம். உன் ஆச்சி என்னைப் பாக்க மாதிரியேதான், ஆனா வாய் கெடையாது. விழுதான்னு தீர்மானமாயிட்டா வாருக்குள்ள இருக்க குப்பி தொறக்கும், காத்து பாயும், நொடியில பத்துல ஒரு பங்குக்குள்ள சோலி முடிஞ்சிரும். குப்பியில அனேகமா அடைக்கது கார்பன் டை ஆக்சைடுங்கா. கோலி சோடாவுல அடைக்க அதே காத்துதாம்லே! சோடா குடிச்சு ஏப்பம் விட்டே ஒரு தலைமுறை கழிஞ்சி போச்சு. இடுப்பைச் சுத்தி அடைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலை.

இடுப்புக்கு இதைச் செய்யுத கம்பெனியில ஒண்ணு ஃப்ரான்ஸ்ல இருக்கு, ஹெலைட்டுன்னு பேரு. 2002ல அதை ஆரம்பிச்ச ஜெரார் தெவனோ ஆகாசத்துல பறக்க மனுசன். மலை மேல ஏறி நின்னு றெக்கையோட குதிப்பாங்களே, அந்த ஹாங் கிளைடர் செய்யுத தொழில். பறக்கவன் விழுந்தா என்ன கதின்னு ஆரம்பிச்ச பொழப்பு, மோட்டார் சைக்கிள்காரனுக்கு எறங்கி, குதிரைக்காரனுக்கு எறங்கி, கடைசியில கக்கூஸுக்குப் போற கெழவன் இடுப்புக்கு வந்து சேந்துட்டு. எங்களையும் பறக்கவங்க சாதியில சேத்துட்டாங்க பாத்தியா?

இதுக்கெல்லாம் முந்தின கதை ஒண்ணு உண்டு. அதைக் கேட்டுத்தான் நான் அசந்துட்டேன். ஜெர்மனியில பவேரியான்னு ஒரு மலைச்சீமை. அங்கன ஒரு வனக்காவலர், 1970கள்ல, வேட்டையாடுன மிருகத்தைத் தோள்ல போட்டுக்கிட்டு வாறாரு. பனி சரிஞ்சு ஆளை அடிச்சிட்டுப் போவுது. அப்படிச் சரிஞ்சா ஆளைப் பொதைச்சிரும், மூச்சு முட்டியே செத்துப்போவான். இவரை மட்டும் பொதைக்கலை. தோள்ல கெடந்த பாரத்தோட மேலயே மெதந்து வந்து நின்னாரு. சொளகுல அரிசியைப் போட்டுக் குலுக்கினா குறுணை அடியில போயிப் பெருசு மேல வரும்லா, அதே கணக்கு. பனியிலயும் உருவம் பெருத்தவன் மேல வந்துருதான். பேட்டர் அஷாவர்னு ஒருத்தரு அந்த ரோசனையை விலைக்கு வாங்கி, முதுகுல மாட்டுத காத்துப்பையாச் செஞ்சு 1985ல விக்க ஆரம்பிச்சிட்டாரு. சரிவு வந்தாப் பிடியை இழு, பை ஊதும், நீ பெருத்துருவ. உன் பெரிய மாமன் பனிமலைக்குப் போனாருன்னா அந்தச் செலவும் மிச்சம்.

சொளகு நம்ம வீட்டுலயும் தொங்குது, குறுணை நம்ம ஆச்சியும் பொடைக்கா. பாக்கதுக்குக் கண்ணு இருந்தாப் போதாது போல.

இனி உன் கதைக்கு வாறேன். மூஞ்சியைத் திருப்பாத. மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டுதானுவளே, மோட்டோ ஜிபின்னு, நீ ராத்திரி முழிச்சு முழிச்சுப் பாப்பியே, அதுல 2018லேருந்து காத்துப்பை வச்ச உடுப்பு இல்லாம எவனையும் ஓட்ட விடுததில்லையாம். தோல் சட்டைக்குள்ள பை இருக்கும், ஆளு வண்டியை விட்டு எகிறினதும் தோளும் காறை எலும்பும் தப்பிச்சுக்கிடும். உலகத்துலயே வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் அவன். அவனே விழுவோம்னு தயாராப் போறான். நீ போன பொங்கலுக்கு வந்தப்ப ஹெல்மெட்டை எங்க மாட்டியிருந்த? முழங்கையில. திருச்செந்தூர் ரோட்டுல போலீசைக் கண்டதும் தலைக்கு ஏறுது, தாண்டினதும் கைக்கு எறங்குது. உன் முழங்கை மேல உனக்கு இருக்க பாசத்தை நான் எங்கயும் பாத்ததில்ல. அதுக்குள்ளதான மூளை இருக்கு?

முடி கலையுதுன்னு சொல்லுவ. அதுக்கும் ஒரு பதில் இருந்திச்சு. 2005ல ஸ்வீடன்ல அன்னா ஹாப்ட், தெரேஸ் அல்ஸ்டின்னு ரெண்டு படிக்கிற புள்ளைங்க. ஹெல்மெட்டுன்னா சைக்கிள்காரன் மூஞ்சி சுளிக்கான், அப்ப மாட்டினதே தெரியாத ஹெல்மெட் செய்வோம்னு கெளம்பிச்சுங்க. ஹோவ்டிங்னு பேரு வச்சு 2011ல கடைக்கு வந்திச்சு. கழுத்துல துண்டு சுத்துன மாதிரி ஒரு பட்டை. சைக்கிள் குப்புற அடிச்சா அதுக்குள்ள இருந்து பை ஊதித் தலையையும் கழுத்தையும் குல்லா மாதிரி மூடிக்கிடும். முடி ஒண்ணும் கலையாது, ஆளு கலைஞ்சாத்தான் பை வெளிய வரும். ஒரு தரம் ஊதினா அந்தப் பட்டைக்கு ஆயுசு முடிஞ்சி போச்சு, புதுசு வாங்க வேண்டியதா இருந்திச்சு.

2016ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு ஆளுங்க சோதிச்சுப் பாத்தாங்க. சாதா ஹெல்மெட்டை விடத் தலைக்குப் போற அதிர்ச்சி அஞ்சாறு மடங்கு கொறையுதுன்னு சொன்னாங்க. நானும் அடேயப்பான்னு நிமிந்து உக்காந்தேன். உன் தங்கச்சி அடுத்த வரியை வாசிச்சா: பையை முன்கூட்டியே ஊதி வச்சுட்டுத்தான் அந்தச் சோதனையைச் செஞ்சாங்களாம்! ஊதிட்டா கெட்டிதாம்லே. ஊதுமாங்கதுல தான இருக்கு சூட்சுமம்? 2023 டிசம்பர்ல ஸ்வீடன் நாட்டு நுகர்வோர் துறை, பாதுகாப்பு பத்தலைன்னு ஹோவ்டிங்கை விக்கத் தடை போட்டுட்டு. அதே மாசம் கம்பெனி திவால். ஊரே விழுந்தாலும் தாங்க வந்த கம்பெனி, தான் விழும்போது தாங்க ஒரு பை இல்லாமப் போச்சு.

இந்தச் சில்லு, வேவு எதுவும் வேண்டாம்னு ஜப்பான்காரன் ஒரு வழி வச்சிருக்கான். ஹிட்-ஏர்னு சட்டை. சட்டைக்கும் வண்டிக்கும் ஒரு கயிறு. ஆளு எகிறினா கயிறு இழுக்கும், குப்பி தொறக்கும், தீந்துது. குதிரைக்காரங்களும் சேணத்துல கயித்தைக் கட்டிக்கிடுதாங்க. எனக்கு இதுதான் பிடிச்சது, நம்ம புத்திக்கு எட்டுத சாமான். ஒரே ஒரு சங்கடம்: எறங்கும்போது கயித்தைக் கழட்ட மறந்து வெடுக்குன்னு எறங்கினா, நின்ன எடத்துலயே ஊதிரும். நீ டீக்கடை முன்ன வண்டியை நிறுத்திட்டு, நாலு பேரு பாக்கையில புஸ்ஸுன்னு ஊதி நிக்கதை நெனச்சுப் பாத்தேன். அதுக்காகவாவது உனக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு இருக்கேன்.

சிரிப்பை விடு. உலகம் முழுக்க வருசத்துக்கு 6,84,000 பேரு விழுந்தே சாகுதாங்கன்னு உலக சுகாதார நிறுவனத்துக்காரன் கணக்குச் சொல்லுதான். விபத்துச் சாவுல ரோட்டுக்கு அடுத்தபடி இதுதானாம். அதுல அறுபதைத் தாண்டுனவங்கதான் சாஸ்தி. இடுப்பெலும்பு ஒடியுததும் 100க்கு 90க்கு மேல விழுந்து ஒடியுததுதான், அதுவும் பக்கவாட்டுல விழுந்தா. மேலத்தெருவுல எத்தனை பேரைப் பாத்தோம்? கம்பீரமா நடந்த மனுசன், வாசப்படி தடுக்கிப் படுத்தவன், அப்புறம் எந்திரிக்கவே இல்ல. அதனால வாருக்கு நான் எதிரி இல்ல. இடுப்புக்கு அது நல்லதுதான். தலைக்கும் மணிக்கட்டுக்கும் அந்த வார் பொறுப்பு இல்லைங்கதை மட்டும் மனசுல வச்சுக்க.

ஆனா ஒண்ணு கேக்கேன். இந்தக் காத்துப்பைக்கு முன்னாடியே, இடுப்புல பஞ்சு மெத்தை வச்சுத் தச்ச சல்லடம் வெளிநாட்டுல கெழடு கட்டைகளுக்குக் குடுத்துப் பாத்துருக்காங்க. மெத்தை நல்ல மெத்தைதான். போடத்தான் மாட்டேன்னுட்டாங்களாம்! குண்டாத் தெரியுது, உறுத்துது, வேக்குதுன்னு கழட்டிக் கழட்டிப் போட்டுட்டாங்க. வெள்ளக்காரக் கெழவனும் நம்மாளுதாம்லே. கம்பு ஊணி நடங்கன்னா நானே என்ன சொல்லுதேன்? 'கம்பு எதுக்கு, நாய வெரட்டவா?'

இப்ப இந்த வாரை நான் கட்டினதாவே வச்சுக்க. முதல்ல அதுக்குச் சார்ஜ் ஏத்தணும். ராத்திரிதான ஏத்துவோம்? ராத்திரி ரெண்டு மணிக்குத்தான எனக்கு ஒண்ணுக்கு வரும்? வார் தார்சாவுல பிளக்குல தொங்கும், நான் இருட்டுல தடவிக்கிட்டுப் புறவாசலுக்குப் போவேன். குளிக்கையில கழட்டி வச்சிரணும். வழுக்கி விழுத எடத்துக்கு அது வராது, விழாத எடத்துல என் கூடவே இருக்கும். அதனால உன் தாத்தா விழணும்னா ராகுகாலம், எமகண்டத்தோட பேட்டரியும் பாத்து, பகல்ல, குளிச்சு முடிச்சு, ஈரம் காஞ்சு, வாரைக் கட்டிட்டு வந்து, பக்கவாட்டுலதான் விழணும். அதுக்கு ஒரு பஞ்சாங்கமும் சேத்து அனுப்பு.

வழுக்குத கதையை எடுத்ததால கேக்கேன், கோவிச்சுக்காத. அந்தக் குளிக்கிற அறையில முன்ன என்ன கெடந்துச்சு? சொரசொரன்னு கல்லு. காலு தேயும், ஆனா எந்திரிச்சு நிக்கும். மோர்பியில இருந்து வந்த டைல்ஸுன்னு முகம் பாக்க மாதிரி பளபளன்னு ஒட்டினது யாரு? 'வீடு பாக்க லட்சணமா இருக்கணும் தாத்தா'ன்ன. லட்சணமாத்தான் இருக்கு, ஆச்சி உள்ள போகும்போது செவுத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் போறா. டைல்ஸுக்கு ஒரு செலவு, அதுல விழுந்தா இடுப்பு ஒடியாம இருக்க வாருக்கு ஒரு செலவு. ரெண்டு காசும் ஒரே பையில இருந்து போறதால உனக்கு உறைக்கலை.

அதனால முதல்ல கொத்தனார் முருகனைக் கூப்பிட்டு அந்தப் பளபளப்பைப் பேத்தெடுக்கச் சொல்லு. கக்கூஸ் பக்கம் ரெண்டு எவர்சில்வர் கைப்பிடிக் கம்பி அடி, தொங்குனா ஆளைத் தாங்கணும். புறவாசலுக்குப் போற வழியில ராத்திரி முழுக்க எரியுத மாதிரி சின்னதா ஒரு பல்பு போடு. தார்சா நெலையில அந்த உயரப் படியை எறக்கு. எல்லாம் சேந்து வாரு விலையில பாதி ஆகாது. அப்புறம் கண்ணாசுபத்திரிக்கு என்னைக் கூட்டிட்டுப் போ. வரமாட்டேன்னு சொல்லுவேன், நீ கேக்காத.

அதுக்கு மேலயும் வாரு வாங்கியே தீருவேன்னா, வாங்கு. ஆனா ஆச்சியைக் கட்ட வைக்கது எப்படின்னு இப்பமே சொல்லிருதேன், பின்னால என்னைக் கேக்காத. உன் ஆச்சி காதுல கெடக்க பாம்படத்தைக் கூடக் கழட்டிருவா, இடுப்புல செருகுன சுருக்குப்பையைக் கழட்டமாட்டா. குளிக்கப் போனாலும் கைக்கு எட்டுத எடத்துல வச்சுக்கிட்டுத்தான் குளிப்பா. தூக்கத்துலயும் ஒரு கை அது மேலதான் இருக்கும், நான் தொட்டுப் பாத்திருக்கேன், முழிச்சிருவா. அதனால அந்த ஃப்ரான்ஸ்காரனுக்கு உன் இங்கிலீசுல ஒரு கடுதாசி போடு. வாருல வெத்தலை மடிச்சு வைக்க ஒரு அறை, சில்லறைக்கு ஒண்ணு, நோட்டுக்கு உள்ளுக்குள்ள ஒண்ணு, பீரோ சாவிக்கு ஒரு வளையம். இம்புட்டும் வச்சுத் தச்சுட்டான்னா, பேட்டரி செத்தாலும் அவ கழட்டமாட்டா.

எனக்கு அதெல்லாம் வேண்டாம்பா. பொடி டப்பி வைக்க எடம் இருந்தாப் போதும். வேட்டிக்குள்ள கட்டுனா வெளிய தெரியக் கூடாது, அதை மட்டும் கேட்டுக்க. தெக்குத்தெரு சண்முகம் கண்ணுல பட்டா, தாத்தாவுக்குத் தொப்பை விழுந்துட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிருவான்.