ஒற்றையா, இரட்டையா: தமிழ்–சீனக் குடும்பத்தின் அன்பளிப்பு உறை குறித்து ஓர் ஆய்வு

தமிழரும் சீனரும் மணந்துகொண்டு குடித்தனம் நடத்தும் வீட்டைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நேராகச் சமையலறைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். ரசமா சூப்பா, கையா குச்சியா, தயிர் யாருக்கு, தோஃபு யாருக்கு என்று பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. ஆய்வுலகின் கவனம் இப்படித் தவறான அறையில் குவிந்து கிடப்பதால், கூடத்து மேசை இழுப்பறையில் இருக்கும் ஒரு சிறிய காகித உறை எவர் கண்ணிலும் படவில்லை. இக்கட்டுரையின் கருதுகோள் எளிது. சிங்கப்பூரில் வாழும் ஒரு தமிழ்–சீனக் குடும்பத்துக்கு வரும் சிக்கல்களில் அடிப்படையிலேயே தீர்வு மறுப்பது ஒன்றுதான்: அன்பளிப்பு உறைக்குள் வைக்கும் தொகை ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமா, இரட்டைப்படையாக இருக்க வேண்டுமா என்பது. மற்ற எல்லாவற்றிலும் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுக்கலாம். பாதி ஒற்றையும் பாதி இரட்டையுமான முழு எண்ணைக் கணிதம் இன்னும் நமக்குத் தரவில்லை.

போட்டிக்கு நிற்கும் மற்றச் சிக்கல்களை முதலில் விலக்கிவிடுவதுதான் முறை. உணவுக்கு இரண்டு அடுப்பு போதும். மாட்டிறைச்சி பெரிய தடை என்பார்கள். ஆனால் குவான் யின் தெய்வத்தை வழிபடும் சீனக் குடும்பங்கள் பல மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை என்பதால் அந்த வழக்கு பல வீடுகளில் விசாரணைக்கு வருமுன்பே தள்ளுபடி ஆகிவிடுகிறது. சமயம் என்றால், வாட்டர்லூ ஸ்திரீட்டில் குவான் யின் கோயிலும் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அருகருகே இருக்கின்றன; அங்கே கும்பிட்ட கையோடு இங்கேயும் ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போகும் சீன பக்தர்களை எந்த நாளும் பார்க்கலாம். முகூர்த்தம் சற்றுக் கடினம்தான்: ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி, அதை ஒட்டியோ அதன்மேல் ஏறியோ சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது பசித்த ஆவிகள் உலவும் மாதம். இரண்டிலும் கல்யாணம் ஆகாது. ஆனால் வருடத்தில் இரண்டு மாதம் போனால் மிச்சம் பத்து இருக்கிறதே. இனம் என்ற பெரிய கேள்விக்குக்கூட அரசாங்கம் விடை வைத்திருக்கிறது. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் இன ஒதுக்கீடு உண்டு. கலப்புத் தம்பதியர் எந்தக் கணக்கில் சேருவது என்பதைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். 2011 ஜனவரி முதல் பிள்ளையின் பதிவில் இரண்டு இனத்தையும் சிறு கோடிட்டுச் சேர்த்தே எழுதலாம். இனத்தை ஒரு கோட்டால் இணைத்துவிட்ட அதே அரசாங்கத்தால் நூற்றையும் நூற்றொன்றையும் அப்படி இணைக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிக்கலின் இயல்பைப் பார்ப்போம். தமிழர் மொய் எழுதினால் 11, 51, 101, 501, 1001. வெறும் நூறு என்பது மொய்யே இல்லை, கைமாற்று. அந்த ஒன்று சேர்ந்தால்தான் தொகைக்கு மங்களம் வருகிறது. சீனரோ நல்ல காரியத்துக்கு இரட்டைப்படையைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை: 88, 128, 168. நான்கு மட்டும் இரட்டையாக இருந்தும் சேர்த்தி இல்லை. அதன் ஒலி சாவை நினைவூட்டுகிறதாம். ஒற்றைப்படைத் தொகைக்கும் சீனரிடம் ஒரு பயன்பாடு உண்டு. துக்க வீட்டில், வெள்ளை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். இப்போது ஒரு தமிழ்ப் பெரியப்பா, மருமகளின் தம்பி கல்யாணத்துக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதுபொருள் கடையில் வாங்கிய வெள்ளை உறை. உள்ளே 101 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். குறை வேண்டாமே என்று நான்கு மூலையிலும் மஞ்சள். நிறம், தொகை, மூலைகளின் எண்ணிக்கை என்று மூன்று வகையிலும் அவர் இரங்கல் தெரிவித்துவிட்டார். வரவேற்பு மேசையில் உறை வாங்கிப் பதிவேட்டில் குறிக்கும் பெண் முகம் மாறாமல் இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொள்வாள். சீன மரபில் உறையைக் கொடுத்தவர் முன்னால் பிரிப்பதில்லை. நட்பு நாடுகளிடையே போர் மூளாமலிருக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எவரும் செய்ததில்லை. மறுநாள் உறைகளைப் பிரித்து எண்ணும்போது அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்பதை ஆய்வாளர் ஊகத்துக்கு விடுகிறேன்.

இது கல்யாணத்தில் மட்டும் வருகிற தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. சீனப் புத்தாண்டுக்கு அங்பாவ் எனும் சிவப்பு உறைப் பணம், தீபாவளிக்கும் அங்பாவ் (சிங்கப்பூர்த் தமிழர் இந்த வழக்கத்தை எப்போதோ தத்தெடுத்துக்கொண்டார்கள்), பிள்ளை பிறந்து ஒரு மாதமானால் சீனப் பக்கத்து விருந்து, காது குத்தினால் தமிழ்ப் பக்கத்து விருந்து. பணம் நுழையாத உறவே இல்லை. பணத்துக்கு முன்பே தட்டு வருகிறது. தமிழ்ச் சீர்வரிசைத் தட்டுகள் ஒன்பது, பதினொன்று, இருபத்தொன்று என்று ஒற்றையில் வரிசைகட்டி வரும்; சீனப் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகும் சீரில் எல்லாமே ஜோடி ஜோடியாக இருந்தாக வேண்டும், ஆரஞ்சு உட்பட. ஆக, சம்பந்திகள் முதல்முதலாகச் சந்திக்கும் அன்றே ஒரு தட்டு மிகையாகவோ குறைவாகவோ வாசலில் நிற்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும்: இரு தரப்பும் அவ்வளவு தூய கொள்கையாளர்கள் இல்லையே? உண்மைதான். தாம்பூலத்தில் ஒற்றை வாழைப்பழம் வைத்தால் தமிழ் மாமி முறைப்பாள், அங்கே இரண்டுதான். தெய்வத்துக்கு ஊதுபத்தி கொளுத்தும் சீனப் பாட்டி எண்ணி எடுப்பது மூன்று. அதாவது தமிழருக்குப் பழம் இரட்டை, பணம் ஒற்றை. சீனருக்கு மனிதர் இரட்டை, தெய்வமும் இறந்தவரும் ஒற்றை. ஆனால் இந்த முரண்பாடுகள் என் வாதத்தைக் கலைக்கவில்லை, இறுக்குகின்றன. விதிவிலக்குகளை இவ்வளவு துல்லியமாகப் பேணுகிறவர்கள் விதியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுதானே பொருள்?

வேரைத் தோண்டினால் இன்னும் வியப்பான செய்தி கிடைக்கிறது. தமிழரிடம் ஏன் அந்த ஒன்று என்று கேட்டால் பெரியவர்கள் இரண்டு விடை சொல்வார்கள். பூஜ்யத்தில் முடிந்தால் முடிந்துபோகும், ஒன்று அடுத்த எண்ணிக்கையின் தொடக்கம் என்பது முதல் விடை. ஒற்றைப்படையை இரண்டாகப் பங்கு போட முடியாது, அதுபோல மணமக்களையும் பிரிக்க முடியாது என்பது இரண்டாவது. சீனரிடம் ஏன் இரட்டை என்றால், நல்லது ஜோடியாக வரவேண்டும், மணமக்கள் ஜோடி அல்லவா என்பார்கள். ஆக இருவரும் வேண்டுவது ஒன்றே: இந்த ஜோடி பிரியக்கூடாது. அதே எடுகோளிலிருந்து கிளம்பி நேரெதிர் முடிவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். யார் தர்க்கம் வலுவானது? எண்களையே விசாரிப்போம். 101 ஒரு பகா எண். எவராலும் அசைக்க முடியாது. 11-உம் அப்படியே. ஆனால் 51-ஐ மூன்றால் வகுக்கலாம், 501-ஐயும் மூன்றால் வகுக்கலாம். மொய்களின் அரசனான 1001 ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகியவற்றின் பெருக்குத்தொகை. அதாவது ஆயிரத்தொரு வெள்ளி வைக்கிற தாய்மாமன், பிரிவினைக்கான வழிகளையும் உறைக்குள் சேர்த்தே வைக்கிறார். எதிர்த்தரப்பிலோ 168-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் பதினாறு. ஒரு தம்பதி பிரிந்துபோக நேர்ந்தால் கணக்குத் தீர்க்க இதைவிட வசதியான தொகை கிடையாது. கணித நீதிமன்றத்தில் தமிழர் நூறு வெள்ளி அளவில் வெல்கிறார்கள், ஆயிரத்தில் தோற்கிறார்கள் என்பதே என் தீர்ப்பு.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் பார்ப்பதில்லை, பேநவ் எனும் கைப்பேசிப் பணப்பரிமாற்றச் சேவையில் அனுப்பிவிட்டுப் போகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. பேநவ் வந்ததால் நிலைமை மோசமாகியிருக்கிறது. உறை இருந்தவரை தொகை மறுநாள் காலைவரை மறைவில் இருந்தது. இப்போது அது கைப்பேசித் திரையில் ஒளிர்ந்துகொண்டு, அனுப்பியவர் பெயரோடும் நேரத்தோடும் உடனே வந்து நிற்கிறது. பிள்ளைகள் பார்க்காவிட்டாலும் அவர்கள் தோளுக்குப் பின்னால் நிற்கும் பாட்டிகள் பார்க்கிறார்கள். தவிர, மொய் என்பது திரும்பச் செய்ய வேண்டிய கடன். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இதற்கென்றே ஆடி மாதத்தில் மொய் விருந்து நடத்தி, நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சீன விருந்திலும் எந்த ஹோட்டலில் ஒரு மேசைக்கு என்ன விலை என்று விசாரித்து, உட்காரும் இருக்கைக்கு ஈடாகவேனும் வைப்பதுதான் முறை. இரண்டு தரப்பும் கணக்கு வைக்கிற இனம். கணக்கு வைக்கிறவர்களிடம் கடைசி இலக்கம் எப்படி முக்கியமில்லாமல் போகும்?

இனி, முன்வைக்கப்படக்கூடிய சமரசங்கள். நூறு வெள்ளி ஐம்பது காசு ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை என்பது அவற்றுள் மிகக் கூர்மையானது. ஆனால் ‘அரை’ என்றதும் தமிழ்ப் பாட்டிக்கு ஏழரை ஞாபகம் வரும். சீனப் பாட்டி, சில்லறை மிச்சத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைப்பாள். நூறு ஓர் உறையிலும் ஒன்று இன்னோர் உறையிலுமாகக் கொடுப்பது இரண்டாவது யோசனை; இதில் இரண்டாவது உறையைப் பெறுகிறவரின் மனநிலை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. மூன்றாவதுதான் ஆழ்ந்த பரிசீலனைக்கு உரியது. தமிழ்நாட்டில் விற்கும் மொய் கவர்களில், மெரூன் நிறத்தில் தங்க எழுத்து அச்சிட்டு, முகப்பில் ஓர் ஒற்றை ரூபாய் நாணயத்தை ஒட்டியே விற்பது உண்டு. அதற்குள் நூறு சிங்கப்பூர் வெள்ளி வைத்தால் என்ன ஆகும்? தமிழர் கண்ணுக்கு அது நூற்றொன்று, மங்களம் குறைவில்லை. சீனர் கண்ணுக்கு உள்ளே இருப்பது நூறு. வெளியே இருப்பது அலங்காரம். வெள்ளியோடு ரூபாயைக் கூட்ட முடியாது ஆகையால் மொத்தத் தொகைக்கு ஒற்றை, இரட்டை என்ற தன்மையே கிடையாது. எண்ணியலால் முடியாததை அந்நியச் செலாவணி முடித்து வைத்திருக்கிறது. ஒரே ஆபத்து குழந்தைகள். கைக்கு எட்டினால் நகத்தால் சுரண்டி நாணயத்தைப் பெயர்த்துவிடுவார்கள். அப்புறம் தமிழருக்கு வெறும் நூறுதான் மிஞ்சும்.

ஒற்றை, இரட்டை தீர்ந்தாலும் எட்டு தீராது. சீனருக்கு எட்டைவிட உயர்ந்த எண் இல்லை. பெய்ஜிங் ஒலிம்பிக்கை 2008 ஆகஸ்ட் 8 இரவு 8 மணிக்குத் தொடங்கினார்கள். எண்கணிதம் பார்க்கும் தமிழருக்கோ எட்டு என்றால் சனி. அஷ்டமியில் நல்ல காரியம் தொடங்கமாட்டார்கள். சீன மாமியார் பேரனுக்குப் புத்தாண்டன்று ஆசையாக எட்டு வெள்ளி வைக்கிறாள். சிங்கப்பூரில் எட்டு வெள்ளித் தாள் கிடையாது. இரண்டு வெள்ளித் தாள் நான்கை மடித்து வைக்கிறாள். தமிழ்ப் பாட்டி எட்டைக் கண்டு கலங்கும்போது, நான்கு தாள் என்பது சீனப் பாட்டியையே கலக்கியிருக்க வேண்டும். கலக்கவில்லை. இதிலிருந்து ஒரு முக்கியமான துணைத்தேற்றம் கிடைக்கிறது: சீன நெறியில் எண்ணப்படுவது தொகை, தாள் அல்ல. தமிழரும் தம் அச்சத்தில் அவ்வளவு உறுதியானவர்கள் இல்லை. அவர்கள் மொய்யில் சேர்க்கத் தேடும் சிங்கப்பூர் ஒரு வெள்ளி நாணயத்தில் 1987 முதலே எண்கோணச் சட்டகம் இருக்கிறது. எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியதால் ஃபெங்ஷுயி கெட்டது, அதைச் சரிக்கட்டத்தான் இந்த எண்கோணம் என்று ஊரெல்லாம் ஒரு கதை உலவியது. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ அதை மறுத்தார். கதை அவர் சொல்லைக் கேட்கவில்லை. எப்படியோ, தமிழர் மங்களத்துக்காகச் சேர்க்கும் ஒன்றின்மேல் எட்டு மூலை உட்கார்ந்திருக்கிறது, இதுவரை யாரும் புகார் கொடுக்கவில்லை.

இரு மரபும் மனமொத்துத் தொழும் எண் ஒன்றும் உண்டு, அது 108. தமிழருக்கு வடைமாலையும் திவ்ய தேசமும்; சீன பௌத்தருக்கு ஜெபமாலை மணிகள். இரட்டை, எட்டில் முடிகிறது, நான்கு இல்லை. குறை இரண்டு. படித்த சீன மாமனாருக்கு ‘நீர்க்கரை’ நாவலின் 108 கொள்ளையர் நினைவுக்கு வரலாம்; சென்னையிலிருந்து விமானம் ஏறி வந்த சித்தப்பாவுக்கு அவ்வூர் 108 ஆம்புலன்ஸ் நினைவுக்கு வரும். கொள்ளையர்கள் நாவலில் நல்லவர்கள் என்பதால் முதல் குறையைத் தள்ளுபடி செய்கிறேன். இரண்டாவது, உறவினர்களின் வயதைப் பொறுத்தது.

கோட்பாட்டளவில் குறையே இல்லாத அன்பளிப்பு ஒன்றுதான், ஒரு சவரன் தங்கம். எண்ணினால் ஒன்று, நிறுத்தால் எட்டு கிராம். எட்டுக்கு அஞ்சும் தமிழர் பொன்னை எட்டு எட்டாக நிறுத்து வாங்குவதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். வசதி உள்ளவர்கள் சவரன் போடுங்கள். மற்றவர்கள் சிவப்பு உறையில் 108 வெள்ளி வைத்து, முகப்பில் ஓர் இந்திய ரூபாயை நல்ல பசையால் ஒட்டுங்கள். மஞ்சள் தடவியே தீர வேண்டுமென்றால் இரண்டு மூலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.