மூக்கு தெளிவு, கண் மங்கல்

உருவப்படத்தில் கமரா பிழை செய்வதில்லை. சொன்னதைச் செய்துவிட்டுப் பழியை ஏற்றுக்கொள்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து வலீமா அல்பங்களில் இதற்குச் சான்று தாராளம். 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4இல் திறந்து ஒன்றரை மீற்றரில் நின்றால், முழுச்சட்டக் கமராவில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர்தான். மாப்பிள்ளையின் மூக்கு அதற்குள் அடங்கும், கண் வெளியே நிற்கும். பின்னணி மட்டும் மங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு முகமும் மங்கிக் கிடைப்பது இப்படித்தான். எஃப் 4க்கு மூடினால் ஆழம் ஏறக்குறைய மும்மடங்காகும்.

போகஸ் புள்ளியைக் கமராவின் விருப்பத்துக்கு விட்டால், அது பெரும்பாலும் கிட்ட இருப்பதையே பிடிக்கும். மணமகளின் கழுத்து நகை துல்லியம், முகம் பனிமூட்டம். மாமிமார் இதைக் குறையாகக் கருதுவதில்லை. மற்றவர்களுக்கு, ஒற்றைப் புள்ளியைக் கிட்டவுள்ள கண்ணில் வைப்பதே மருந்து.

கடற்கரையோ தனிப் பாடம். இங்கே கடல் கிழக்கில். காலையில் அதைப் பின்னணியாக்கினால் வெயில் முதுகில் விழும், முகம் கறுக்கும். கடலில் சூரியன் மறைய வேண்டுமென்று கேட்கும் தம்பதியைப் புத்தளத்துக்கு அனுப்பலாம். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஈரம் படியும். அதைக் ‘கனவுத் தோற்றம்’ என்று விற்பதும் உண்டு. முந்திய இரவின் ஐஎஸ்ஓ 6400 நண்பகலிலும் தொடர்வதற்கு மட்டும் இன்னும் பெயர் சூட்டப்படவில்லை.

முதற் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுக்கவும்.