பேர் போட்டாச்சுங்களா?

மலை ஏற இரண்டு கால் போதும். மலையேற்றக் குழு நடத்த வாட்ஸப், எக்செல், ஜிபே, ஒரு விசில், அடுத்தவர் வீட்டுக் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிற முதுகு எல்லாம் வேண்டும். கொங்குப் பக்கம் கொஞ்சம் பெரிய ஊர் என்றால் இப்படி ஒரு குழு இருக்கும். நடத்துகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வேன் வாடகையில் தங்கள் பங்கையும் முதல் ஆளாகக் கொடுத்துவிட்டுத்தான் இவர்கள் திட்டு வாங்க வருகிறார்கள்.

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிந்துவிடலாம். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், இணைச்செயலாளர், பொருளாளர், கௌரவ ஆலோசகர் என்று ஆறு நாற்காலி போனபின் ஏழாமவர் மட்டும் வெறும் உறுப்பினராக நிற்பார். அடுத்த கூட்டத்தில் அவருக்காகவே இளைஞரணி தொடங்கப்படும். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. உலகின் முதல் மலையேறும் சங்கமான ஆல்பைன் கிளப் 1857-இல் தொடங்கியதே ஆல்ப்ஸில் அல்ல, மலையே இல்லாத லண்டனில், ஒரு ஹோட்டலில். மலை அது பாட்டுக்கு நிற்கும். முதலில் கூட்டம் போட இடம் வேண்டும்.

தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேனரில் பெரிய படம் அவருடையது. ஆனால் வண்டியை ஓட்டுவது செயலாளர். செவ்வாய்க்கிழமை காலை அவர் குழுவில் ஒரு வரி போடுவார்: ‘வெள்ளியங்கிரி, சனி இரவு. வருபவர்கள் கீழே பெயர் சேர்க்கவும்.’ அதன் கீழ் ‘1.’ என்று ஓர் எண். அவருடைய வாரம் அத்தோடு முடிந்தது.

பட்டியலை நகலெடுத்து, கடைசியில் தன் பெயரைச் சேர்த்து, மறுபடி ஒட்ட வேண்டும். பதிமூன்று வரை ஒழுங்காகப் போகும். பதினான்காமவர் நகலெடுத்துத் தட்டிக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில் இன்னொருவரும் அதே பழைய பட்டியலை எடுத்து, தானும் பதினான்காக உட்கார்ந்துவிடுவார். இரண்டு பட்டியல், இரண்டு பதினான்கு. அடுத்து வருகிறவர் கைக்கு எது கிடைத்ததோ அதுவே பிழைக்கும்; மற்றவர் மாயம். ராத்திரி ஒன்பதரைக்குக் குரல் வரும்: “எம்பட பேரை எடுத்தது யாருங்க?” யாரும் எடுக்கவில்லை என்று செயலாளர் விளக்குவார். போன பொதுக்குழுவில் சந்தா உயர்வை எதிர்த்ததற்குப் பழிவாங்கல் என்று பெயரைத் தொலைத்தவர் விளக்குவார். இது நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ அனுப்புவார்.

பெயர் போடாமல் கட்டைவிரலை மட்டும் உயர்த்துகிறவர்கள் தனி இனம். அந்த விரல் வருகிறேன் என்கிறதா, பார்த்தேன் என்கிறதா, நீங்கள் நடத்துங்கள் என்று ஆசீர்வதிக்கிறதா? செயலாளர் ஒவ்வொரு விரலுக்கும் போன் போடுவார். “பாக்கறனுங்ணா” என்று பதில் வரும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வேனில் ஒரு சீட்டைக் காலியாகவும் விட முடியாது, நிரப்பவும் முடியாது.

புறப்படும் நேரம் இன்னொரு பனிப்போர். நாலு மணி வண்டிக்கு மூன்றரை என்று சொல்லிப் பார்த்தார். அவர் அரை மணி முன்தள்ளிச் சொல்கிறார் என்பது ஊருக்கே தெரிந்துபோய், நாலுக்கு வர வேண்டியவர்கள் நாலரைக்கு வந்தார்கள். மூன்று என்றார், ஐந்துக்கு வந்தார்கள். இப்போது சரியான நேரத்தையே சொல்கிறார். யாரும் நம்புவதில்லை.

பொருளாளரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், அவரே சொல்லிவிடுவார். ஆளுக்கு 650 ரூபாய் வாங்கி, 612 ரூபாய் 50 காசு செலவானதாகக் கணக்குப் போட்டு, மீதி 37.50-ஐ ஞாயிறு ராத்திரியே ஜிபேயில் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் குளிப்பார். ‘டீ 21, அதில் சர்க்கரை இல்லாதது 2’ என்று எக்செலில் இருக்கும். இருப்புப் பதிவேட்டில் ‘நைலான் கயிறு, 30 மீட்டர், நல்ல நிலையில்’ என்றும் இருக்கும். ஆபத்துக்கு உதவும் என்று வாங்கியது. இதுவரை வேன் கூரையில் பைகளைக் கட்டத்தான் உதவியிருக்கிறது.

மலையடிவாரத்தில், பூண்டியில் இறங்கி மூங்கில் தடி வாங்கியதும் தலைவர் பொறுப்பேற்பார். பொய்யே பேசாதவர் என்று நாற்பது வருஷப் பெயர் அவருக்கு. வெள்ளியங்கிரியில் ஏழு மலை. இரண்டாவது மலையில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு “இன்னும் எவ்வளவு தூரமுங்க சார்?” என்பார். “பத்தே நிமிஷம்” என்பார் தலைவர். நாலாவது மலையிலும் பத்தே நிமிஷம்தான். எதிரே இறங்கி வருகிறவர்களும், முன்பின் பார்த்திராத ஆட்கள், “இதோ வந்திருச்சுங்க” என்று இந்தச் சதியில் சேர்ந்துகொள்வார்கள். பர்வதமலைக்குப் போனால் துணைத்தலைவரின் முறை. கடப்பாறைப் படி வந்ததும், “யாரும் கீழே பார்க்காதீங்க!” என்று கத்துவார். அதுவரை பார்க்காதவர்களும் பார்த்துவிடுவார்கள்.

விசில் ஊதி ஆள் எண்ணுவது செயலாளரின் வியாதி. வளைவுக்கு வளைவு எண்ணுவார். பரமார்த்த குருவின் சீடர்களைப்போல் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஓர் ஆள் குறைகிறது என்று ஒருமுறை கலங்கியிருக்கிறார். அன்று சிரித்தவர்களும் விசில் கேட்டால் நிற்கிறார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போய் இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்துக்கு அரசு தனியே விதிகள் கொண்டுவந்தது அதன் பிறகுதான். வனத்துறை அலுவலகத்துக்கு இவர் அடையாள அட்டை நகல்களோடு அலைவதும், ஒரு ஆள் வராவிட்டாலும் பட்டியலைத் திருத்தி எழுதுவதும் அந்த நாளிலிருந்து வந்தவை. அதை மட்டும் அவர் வேடிக்கையாகப் பேசமாட்டார்.

எனக்குப் பிடித்தவர் கடைசியில் நடக்கிற இணைச்செயலாளர். கொல்லிமலை ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்கும்போது எல்லோரும் வீரர்கள். அருவியில் ஆட்டம் போட்டுவிட்டுத் திரும்ப ஏறும்போதுதான் ஜாதகம் தெரியும். மருமகனோடு வந்த ஓர் அத்தை முந்நூறாவது படியில் உட்கார்ந்துவிடுவார். இணைச்செயலாளர் “ஏறுங்கத்தை” என்று சொல்லமாட்டார். இரண்டு படி கீழே நின்று ஷூ கயிற்றை அவிழ்ப்பார், கட்டுவார். அத்தை எழுந்தால் இவருக்கும் முடிச்சு விழுந்துவிடும். மறுபடி உட்கார்ந்தால் அடுத்த ஷூ. அதற்குள் மேலே எல்லோரும் மிளகாய் பஜ்ஜி தின்று, குரூப் போட்டோவும் எடுத்துவிடுவார்கள். குழுவின் எந்தப் படத்திலும் அவர் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவரை வேன் டிரைவர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2024 அக்டோபரில் அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்துவிட்டது. இணையத்தில் பணம் கட்டினால் பயிற்சி பெற்ற வழிகாட்டியே கூட வருவார். இனி நமக்கு விடுதலை என்று செயலாளர் நிஜமாகவே மகிழ்ந்தார். வழிமுறையை எழுதி, இணைப்பையும் குழுவில் போட்டு, “அவரவர் நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம்” என்று முடித்தார். ஐந்து நிமிடம் சத்தமே இல்லை. பிறகு இளைஞரணியிடமிருந்து முதல் பதில் வந்தது: “சூப்பருங்ணா. நீங்களே எல்லாத்துக்கும் சேர்த்துப் போட்டுருங்க, காசு அப்புறம் பாத்துக்கலாம்.”